இலக்குசார் புற்றுநோய் மருந்துகள்: பக்க விளைவுகளும் பாதுகாப்பு முறைகளும்

புற்றுநோய்ச் சிகிச்சை என்றவுடன் முடி உதிர்தல், ஓயாத வாந்தி, மருத்துவமனைக் கட்டிலில் மணிக்கணக்கில் நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்து ஆகியவையே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. கடந்த 25 ஆண்டுகளில் இந்நிலை பெரிதும் மாறியுள்ளது. சில வகைப் புற்றுநோய்களுக்கு நோயாளிகள் நாள்தோறும் வீட்டிலேயே மாத்திரை உட்கொண்டு, வேலைக்கும் சென்று, மாதம் ஒருமுறை மட்டும் மருத்துவமனைக்கு வந்து செல்கின்றனர். இம்மாத்திரைகளில் பெரும்பாலானவை இலக்குசார் மருந்துகள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை.

மருந்து வீட்டிற்கு வந்துவிட்டதால், முன்பு செவிலியர் செய்துவந்த கண்காணிப்பும் வீட்டிற்கு வந்துவிட்டது. எந்த அறிகுறியை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம், எதை உடனே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும், எதற்காக அன்றிரவே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்பனவற்றை நோயாளியும் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இக்கட்டுரை அதற்கு உதவும் நோக்கில் எழுதப்பட்டது. மருந்தின் அளவையோ உட்கொள்ளும் முறையையோ இதனைப் படித்து மாற்றிக்கொள்ளக் கூடாது. அவற்றை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் புற்றுநோய் மருத்துவரே.

இலக்கு என்பது என்ன?

வழக்கமான வேதிச் சிகிச்சை மருந்துகள், விரைந்து பெருகும் உயிரணுக்கள் அனைத்தையும் தாக்குகின்றன. புற்றுநோய் உயிரணுவும் விரைந்து பெருகுவது. முடியின் வேரும், வாயின் உட்சவ்வும், எலும்பு மச்சையும் அத்தகையவையே. அதனால்தான் அவையும் பாதிக்கப்படுகின்றன. இலக்குசார் மருந்தோ புற்றுநோய் உயிரணு பெருகுவதற்குத் துணைநிற்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிச் சென்று தடுக்கிறது.

இதற்குச் சிறந்த சான்று நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். இந்நோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. பிலடெல்பியா குரோமோசோம் என்று அழைக்கப்படும் இப்பிழை 1960-இல் கண்டறியப்பட்டது. இப்பிழையால் உருவாகும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்னும் புரதம், வெள்ளணுக்களை ஓய்வின்றிப் பெருகத் தூண்டுகிறது. அப்புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பே, 1998-இல், மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 என்னும் புரதத்தை இலக்காகக் கொண்ட டிராஸ்டுசுமாப் ஊசி அங்கு அனுமதிக்கப்பட்டிருந்தது.

மருந்துச் சீட்டில் உள்ள பெயரின் ஈற்றைக் கவனித்தால் வகை ஓரளவு புலப்படும். ‘னிப்’, ‘பெனிப்’ என முடிபவை உயிரணுவுக்குள் நுழைந்து வேலை செய்யும் சிறு மூலக்கூறுகள், பெரும்பாலும் மாத்திரைகள். ‘மாப்’ என முடிபவை ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எதிர்ப்புரதங்கள். இவை ஊசியாகவோ நரம்பு வழியாகவோ செலுத்தப்படுகின்றன.

‘இலக்கு’ என்ற சொல் ஒரு தவறான நம்பிக்கையையும் உடன் கொண்டுவருகிறது. இம்மருந்து புற்றுநோயை மட்டுமே தொடும், வேறெதையும் தொடாது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மருந்து தேடிச் செல்லும் புரதம் பெரும்பாலும் நலமான உறுப்புகளிலும் இருக்கிறது. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பயன்படுத்தும் அதே சமிக்ஞையை நுரையீரல் புற்றுநோயும் பயன்படுத்துமானால், மருந்து இரண்டையும் தடுக்கும். எனவே இவ்வகை மருந்துகளின் பக்க விளைவுகள் தற்செயலானவை அல்ல. எந்தப் புரதம் தடுக்கப்படுகிறதோ அது வேலை செய்யும் உறுப்பில்தான் அவை பெரும்பாலும் தோன்றும். இதனைப் புரிந்துகொண்டவருக்கு முகத்தில் பரு தோன்றும்போது ஏற்படும் அச்சம் பாதியாகக் குறையும்.

தோலும் நகமும்

ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதத்தைத் தடுக்கும் ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், ஓசிமெர்ட்டினிப் போன்ற மாத்திரைகளும் செட்டுக்சிமாப் ஊசியும் முதலில் தோலில்தான் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் முகம், தலை, மார்பின் மேற்பகுதி, முதுகு ஆகிய இடங்களில் பரு போன்ற கொப்புளங்கள் தோன்றலாம். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் இவை சிவந்து தெரியாமல் கருமையாகவோ பழுப்பாகவோ தெரியும். ஆறிய பின்னரும் கரும்புள்ளிகள் பல மாதங்கள் நீடிக்கலாம்.

இவை பார்வைக்குப் பருக்கள் போலிருந்தாலும் பருக்கள் அல்ல. இளைஞர்கள் பருவுக்குப் பூசும் களிம்புகள் தோலை மேலும் உலர்த்தி நிலைமையை மோசமாக்கும். மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வீரியமான ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகுக் களிம்புகளையும் தவிர்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கொண்டு குளித்து, ஈரம் முழுவதும் உலரும் முன்பே மணம் சேர்க்காத ஈரப்பதக் களிம்பைப் பூசுதல் நன்று. வெயிலில் செல்லும்போது குடையும் முழுக்கைச் சட்டையும் தேவை. கொப்புளங்கள் பரவினாலோ, அரிப்பினால் உறக்கம் கெட்டாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மென்மையான ஸ்டீராய்டு களிம்பும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையும் அவர் பரிந்துரைக்கக் கூடியவை. சில மருத்துவர்கள் கொப்புளம் வருமுன்பே தடுப்பாகக் கொடுப்பதும் உண்டு.

இத்தோல் மாற்றம் தோன்றியவர்களிடம் மருந்து சிறப்பாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. அதற்காக, கொப்புளம் வராதவர்கள் மருந்து பலிக்கவில்லையோ என்று கலங்க வேண்டியதில்லை.

ஓரிரு மாதங்கள் கழிந்த பின் கை கால் விரல்களில் நகச்சுற்று வரலாம். பாத்திரம் துலக்கும்போது கையுறை அணிதல், நகத்தை ஒட்ட வெட்டாதிருத்தல், இறுக்கமான காலணியைத் தவிர்த்தல் ஆகியன உதவும். நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகி வைப்பது நம் வீடுகளில் பழக்கம். இம்மருந்தை உட்கொள்பவரின் நகவோரத் தோல் மிக மெலிந்து வெடித்திருக்கும். எலுமிச்சையின் அமிலம் அதனை மேலும் புண்ணாக்கக் கூடும். எனவே அதனைத் தவிர்க்க வேண்டும்.

சொராஃபெனிப், சுனிட்டினிப், ரெகோரஃபெனிப் ஆகியவை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், குறிப்பாக உடல் எடையும் உராய்வும் விழும் இடங்களில், தடிப்பையும் வலியையும் கொப்புளத்தையும் உண்டாக்கக் கூடியவை. முதல் சில வாரங்களில் நெடுந்தொலைவு நடப்பதையும் வெறுங்காலுடன் நடப்பதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கோயிலுக்குச் சென்று சுடும் கற்றளத்தில் வலம் வருவதும், வேண்டுதலுக்காகப் பாதயாத்திரை செல்வதும் இக்காலத்தில் ஒத்திவைக்கத் தக்கவை. குதிகாலில் முன்பே வெடிப்போ காய்ப்போ இருப்பின், சிகிச்சை தொடங்குமுன் அதற்கு யூரியா கலந்த களிம்பைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நிறம் பற்றிய ஒரு செய்தியைத் தனியே கூற வேண்டியுள்ளது. இமாட்டினிப் உட்கொள்ளும் சிலருக்குத் தோலின் நிறம் வெளுக்கிறது. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் நம்பியிருக்கும் ‘கிட்’ என்னும் புரதத்தையும் இம்மருந்து தடுப்பதே காரணம். நம் நாட்டவரின் தோலில் இது எளிதில் கண்ணுக்குத் தெரிவதால், சுற்றத்தார் வெண்படை என்றும், அது ஒட்டிக்கொள்ளும் என்றும் பேசும் நிலை உருவாகிறது. இது தொற்றுநோய் அன்று. உடலுக்குத் தீங்கும் செய்வதில்லை. மருந்தை நிறுத்தினாலோ குறைத்தாலோ நிறம் திரும்புவது வழக்கம். ஆயினும் நிறத்திற்காக மருந்தை நிறுத்துவது முறையன்று. சுனிட்டினிப் உட்கொள்பவருக்குத் தோல் மஞ்சளாகத் தெரிவதும் முடி நரைப்பதும் உண்டு. தோல் மட்டும் மஞ்சளாக இருந்து கண்ணின் வெண்மை மாறாதிருந்தால் அது பெரும்பாலும் மருந்தின் நிறம். கண்ணும் மஞ்சளானால் அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம், கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டும்.

வயிறு

வயிற்றுப்போக்கு இம்மருந்துகள் பலவற்றுக்கும் பொதுவானது. வழக்கத்தை விட நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கூடுதலாகப் போனாலே நீரிழப்பைத் தடுக்கத் தொடங்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைத்து அன்றைக்குள் பருகலாம். பொட்டலத்தில் பாதியை ஒரு குவளை நீரில் கரைப்பது தவறு. உப்பின் செறிவு கூடித் தீங்கு நேரும். கஞ்சி, மோர்ச்சோறு, இளநீர் நன்று. காரமும் எண்ணெயும் மிகுந்தவை வேண்டா. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் இளநீரைப் பற்றி முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

லோபெரமைடு மாத்திரையை அவசரத்துக்கென மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தருவது உண்டு. அவர் கூறிய அளவை மீறக் கூடாது. மலத்தில் இரத்தம் காணப்பட்டாலோ காய்ச்சல் இருந்தாலோ அதனை உட்கொள்ளாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் முழுதும் சிகிச்சை செய்தும் போக்கு நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால் இனிக் காத்திருக்கலாகாது. நீரிழப்பில் பொட்டாசியமும் குறைகிறது. சில இலக்குசார் மருந்துகளால் ஏற்கெனவே இதயத்துடிப்பின் ஒழுங்கு மாறக் கூடியவருக்கு அது ஆபத்து.

இமாட்டினிப் மாத்திரையால் வரும் குமட்டல், உட்கொள்ளும் முறையை மாற்றினாலே பலருக்குக் குறைந்துவிடுகிறது. அதனை உணவுடன், ஒரு பெரிய குவளை நீருடன் உட்கொள்ள வேண்டும். உட்கொண்டவுடன் படுத்துவிடக் கூடாது. காலையில் எழும்போது கண்ணிமை வீங்கியிருப்பதும், இரவில் கெண்டைக்காலில் குரக்களி பிடிப்பதும் இம்மருந்தில் அடிக்கடி காணப்படுபவை. இவை பெரும்பாலும் ஆபத்தற்றவை. ஆனால் சில நாட்களில் உடல் எடை திடீரெனக் கூடினால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள். அதனைத் தெரிவிக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்துக் குறித்து வைத்தால் இது எளிதில் பிடிபடும்.

இரத்த அழுத்தமும் இதயமும்

புற்றுக்கட்டி வளர அதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். அக்குழாய்கள் உருவாவதைத் தடுக்கும் பெவாசிசுமாப், சுனிட்டினிப், சொராஃபெனிப், பசோபனிப் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. உயர் அழுத்தம் வெளியே தெரியாது. அளந்தால் மட்டுமே தெரியும். சொராஃபெனிப் தொடங்கிய முதல் 6 வாரங்களுக்கு வாரந்தோறும் அளக்க வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ இதனைச் செய்துகொள்ளலாம். அளவு 140/90-ஐத் தாண்டினால் அடுத்த வருகை வரை காத்திராமல் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அழுத்த மாத்திரை ஒன்றைச் சேர்த்தாலே சிகிச்சையைத் தொடர முடிகிறது. கடும் தலைவலியுடன் பார்வை மங்குதல், குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றினால் அவசர நிலை.

இதே மருந்துகள் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தவும் இரத்தக் கசிவை உண்டாக்கவும் கூடியவை. அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது 28 நாட்கள் கழியாமலும், புண் முழுமையாக ஆறாமலும் பெவாசிசுமாப் தொடங்குவதில்லை. பல் பிடுங்குவதைப் பலர் அறுவையாகக் கருதுவதில்லை. பல் மருத்துவரிடம் புற்றுநோய் மருந்தைப் பற்றிச் சொல்வதுமில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். பற்களில் செய்ய வேண்டிய வேலை இருப்பின் சிகிச்சை தொடங்குமுன் முடித்துக்கொள்வதே நல்லது.

டிராஸ்டுசுமாப் ஊசி பெறுவோர்க்கு இதயத்தின் சுருங்கும் திறன் குறைய வாய்ப்புண்டு. ஹெர்-2 புரதம் இதயத் தசைக்கும் தேவைப்படுவதே காரணம். எனவே தொடக்கத்திலும், பின்னர் பொதுவாக 3 மாதங்களுக்கு ஒருமுறையும் எக்கோ பரிசோதனை செய்யப்படுகிறது. ‘எனக்கு நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லையே’ என்று இப்பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் உளர். அறிகுறி தோன்றுமுன் குறைபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் அதன் பயனே. மருந்தை இடைநிறுத்தினால் இத்திறன் பெரும்பாலும் மீள்கிறது என்பது ஆறுதலான செய்தி. படுத்தால் மூச்சு முட்டுதல், கணுக்கால் வீக்கம், படியேறும்போது முன்பில்லாத களைப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

நுரையீரல்: தாமதிக்கக் கூடாத அறிகுறி

ஜெஃபிட்டினிப் உலகிலேயே முதலில் ஜப்பானில், 2002 ஜூலையில் அனுமதிக்கப்பட்டது. பக்க விளைவுகள் குறைந்த மாத்திரை என்ற எதிர்பார்ப்பில் மிகப் பலருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்நாட்டில் அவசரப் பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. நுரையீரல் திசுவில் ஏற்படும் கடும் அழற்சியால் சிலர் உயிரிழந்திருந்தனர். மருந்து விலக்கப்படவில்லை. யாருக்குக் கொடுப்பது, எதைக் கவனிப்பது என்ற தெளிவு பிறந்தது. இன்றும் அது பயன்பாட்டில் உள்ளது.

இவ்விளைவு அரிது. ஆனால் வந்தால் சில நாட்களிலேயே முற்றக் கூடியது. புதிதாகத் தோன்றும் வறட்டு இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் ஆகியவற்றைச் ‘சளி பிடித்திருக்கிறது’ என்று எண்ணிக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக் காலம் கடத்துவதே பெரும் ஆபத்து. இவ்வறிகுறிகள் தோன்றினால், அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளுமுன் மருத்துவக் குழுவைத் தொடர்புகொள்ள வேண்டும். தொடர்பு கிடைக்காவிடில் அந்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவமனைக்கே சென்றுவிட வேண்டும். மூச்சுத் திணறல் மிகுந்தால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இரத்தப் புற்றுநோய்க்கான டாசாட்டினிப் மருந்தில் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்வதும் உண்டு; அதன் அறிகுறியும் மூச்சிரைப்பே.

காய்ச்சல், கல்லீரல், மறைந்திருக்கும் தொற்று

வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர், குறிப்பாக வேதிச் சிகிச்சையும் சேர்த்துப் பெறுவோர், வீட்டில் வெப்பமானி வைத்திருக்க வேண்டும். வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். பாராசிட்டமாலை உட்கொண்டு காய்ச்சலை அடக்கிவிட்டுக் காலை வரை காத்திருப்பது தவறு.

சிலரது உடலில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அறிகுறியின்றி உறங்கிக் கிடக்கும். ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் அதனை எழுப்பிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கச் செய்யலாம். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே அதற்கான இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. இமாட்டினிப் குடும்பத்து மாத்திரைகளிலும் இவ்வாறு நேர்ந்துள்ளதால் அங்கும் இப்பரிசோதனை தேவை. முன்பு காமாலை வந்தவர், குடும்பத்தில் இத்தொற்று உள்ளவர், காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அனைவரும் அதனை மறைக்காமல் கூற வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொள்ளுமுன்னும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்க வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் சிலருக்கு ஏற்றவை அல்ல.

உணவும் பிற மருந்துகளும்

இம்மாத்திரைகளில் பலவற்றைக் கல்லீரலில் உள்ள ஒரே வகை நொதி சிதைக்கிறது. அந்நொதியை முடுக்கிவிடும் பொருள் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைக்கும். முடக்கும் பொருள் அளவைக் கூட்டும். நம் நாட்டில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை இமாட்டினிப்பின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். நோயாளி ஒரு வேளை கூடத் தவறாமல் மாத்திரை உட்கொண்டும் பயன் கிட்டாது. மாறாக, கிளாரித்ரோமைசின், தோல் படைக்குக் கொடுக்கப்படும் இட்ரகோனசோல் போன்றவை அளவை உயர்த்தி நச்சுத்தன்மையைக் கூட்டலாம். கிரேப்ஃப்ரூட் பழமும் அதன் சாறும் அவ்வாறே; அதே இனத்தைச் சேர்ந்த பம்பளிமாஸையும் தவிர்ப்பது பாதுகாப்பானது. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு ஆகியவற்றைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

நெஞ்செரிச்சலுக்காக மக்கள் தாமே வாங்கி உட்கொள்ளும் ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல் போன்றவை இரைப்பையின் அமிலத்தைக் குறைக்கின்றன. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், டாசாட்டினிப் ஆகியவை உடலில் சேர அந்த அமிலம் தேவை. வெறும் ‘கேஸ் மாத்திரை’தானே என்று எண்ணப்படும் ஒன்று புற்றுநோய் மருந்தின் பயனைக் கெடுத்துவிடுகிறது. எர்லோட்டினிப் உட்கொள்பவர் புகை பிடித்தாலும் மருந்தின் அளவு குறைகிறது.

சித்த, ஆயுர்வேத மருந்துகளையும், செய்தி பார்த்து வாங்கிய மூலிகைப் பொடிகளையும் பற்றி மருத்துவரிடம் கூற நோயாளிகள் தயங்குகின்றனர். கடிந்துகொள்வார் என்ற அச்சமே காரணம். மருத்துவரும் கடியாமல் கேட்க வேண்டும். சமையலில் சேரும் மஞ்சளும் மிளகும் வேறு. அவற்றின் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரைக் குப்பியில் அடைத்து விற்பது வேறு. உட்கொள்வது எதுவாயினும் அதன் பொட்டலத்தைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுவதே எளிய வழி.

உணவு நேரமும் மருந்துக்கு மருந்து மாறுபடும். இமாட்டினிப் உணவுடன். எர்லோட்டினிப், லப்பாட்டினிப், நிலோட்டினிப் வெறும் வயிற்றில். நிலோட்டினிப் உணவுடன் சேர்ந்தால் இரத்தத்தில் அளவு கூடி இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடும். ஆகவே உட்கொள்வதற்கு 2 மணி நேரம் முன்பும், உட்கொண்ட பின் 1 மணி நேரமும் எதுவும் உண்ணக் கூடாது. ரமலான் நோன்பு, ஏகாதசி விரதம் போன்றவற்றைக் கடைப்பிடிப்போர் அந்நாட்களுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் மாத்திரையைக் கையாளுதல்

மாத்திரையை நசுக்கவோ உடைக்கவோ கூடாது. விழுங்க இயலாதவர்க்கு வழி இருக்கிறதா என்று மருந்தாளுநரைக் கேட்க வேண்டும். சான்றாக, 400 மி.கி. இமாட்டினிப்பை 200 மி.லி. நீரில் கரையவிட்டு உடனே பருகலாம், பிற மருந்துகள் அனைத்துக்கும் இது பொருந்தாது. கருவுற்ற பெண்கள் இம்மாத்திரைகளை வெறுங்கையால் தொடாதிருத்தல் வேண்டும். சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். மிகுந்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டாமலும், அதே நோய் உள்ள வேறொருவருக்குக் கொடுக்காமலும் மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

கருத்தடை பற்றிப் பேசக் கூச்சம் வேண்டா. இம்மருந்துகள் பல கருவைப் பாதிக்கும். டிராஸ்டுசுமாப் பெற்ற பெண்கள் கடைசி ஊசிக்குப் பின்னும் 7 மாதங்கள் கருத்தடையைத் தொடர வேண்டும். சில மருந்துகளில் ஆண்களுக்கும் இவ்விதி உண்டு. பாலூட்டுதலும் நிறுத்தப்பட வேண்டும்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக உட்கொள்ளக் கூடாது. உட்கொண்ட பின் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒன்றை விழுங்காமல், அடுத்த வேளையில் வழக்கம்போல் தொடர வேண்டும்.

சொல்லாமல் நிறுத்துவது

இதுவரை கூறிய பக்க விளைவுகள் அனைத்திற்கும் மருத்துவத்தில் ஏதேனும் ஒரு வழி இருக்கிறது: களிம்பு, துணை மருந்து, அளவைக் குறைத்தல், சில நாட்கள் இடைநிறுத்தல், வேறு மருந்துக்கு மாறுதல். மருத்துவர் அறியாமல் நிறுத்தப்படும் மாத்திரைக்கு மட்டும் வழியில்லை. அரிப்பு தாங்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொள்வது, திருமண வீட்டிற்குச் செல்வதால் ஒரு வாரம் விட்டுவிடுவது, பணம் போதாமல் ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்திற்கு நீட்டுவது ஆகியன நடக்கின்றன. பின்னர்ப் பரிசோதனையில் நோய் கூடியிருப்பதைக் கண்டு, மருந்து பலிக்கவில்லை என்று மருத்துவரும் வேறு மருந்துக்கு மாற்றிவிடுகிறார்.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் இமாட்டினிப் பற்றிய ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. மாத்திரைக் குப்பியின் மூடியில் பொருத்திய நுண்கருவியைக் கொண்டு, 87 நோயாளிகள் உண்மையில் எத்தனை முறை குப்பியைத் திறந்தனர் என்பது 3 மாதங்கள் கணக்கிடப்பட்டது. மாத்திரைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உட்கொண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் ஆழ்ந்து கட்டுப்பட்டிருந்தது. அதற்குக் குறைவாக உட்கொண்டவர்களுள் சிலருக்கே அவ்வாறு நேர்ந்தது. 90 விழுக்காடு என்பது மாதத்திற்கு மூன்று மாத்திரை தவறுவதுதான். மூன்றுதானே என்று தோன்றும். சிலருக்கு நோய் பல ஆண்டுகள் ஆழ்ந்து அடங்கியிருக்குமானால் மருத்துவரே மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அது இடைவிடாத மூலக்கூறு பரிசோதனையுடன் செய்யப்படுவது, நோயாளி தாமே செய்வதன்று.

பணம் காரணமாக இருப்பின் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இமாட்டினிப்பின் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்குக் காப்புரிமை கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தள்ளுபடி செய்தது. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் இமாட்டினிப் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. வேறு பல மருந்துகளுக்கும் மலிவான மாற்றுகள் வந்துள்ளன. மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவிலும் சமூகப் பணியாளரிடமும் உதவி கேட்கலாம். நிறுவனம் மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும், வேதிப்பெயரும் மி.கி. அளவும் ஒன்றே என்பதைச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பேடு

ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு போதும். மருந்தின் பெயர், தொடங்கிய நாள், உட்கொண்ட நேரம், எடை, இரத்த அழுத்தம், புதிதாகத் தோன்றிய தொந்தரவு, அது எத்தனை நாள் நீடித்தது ஆகியவற்றை எழுதி வர வேண்டும். எழுதத் தெரியாதவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளையை எழுதச் சொல்லலாம். முதல் பக்கத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையின் பகல் நேர, இரவு நேரத் தொலைபேசி எண்களைக் குறிக்க வேண்டும். ஊருக்கு அருகிலுள்ள வேறு மருத்துவரிடம் அவசரத்துக்குச் செல்ல நேர்ந்தால், அவருக்கு இக்குறிப்பேடே முழு விவரத்தையும் தரும்.

மருந்தால் ஏற்பட்டதாக ஐயுறும் எந்தத் தீய விளைவையும் நோயாளியோ உறவினரோ நேரடியாகவும் அரசுக்குத் தெரிவிக்கலாம். இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டம் 2010 முதல் செயல்பட்டு வருகிறது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உள்ளது. மருந்தின் பெயர், உட்கொள்ளத் தொடங்கிய நாள், விளைவு தோன்றிய நாள் ஆகியன கைவசம் இருந்தால் படிவத்தை நிரப்புவது எளிது. மாத்திரை அட்டையில் அச்சிடப்பட்டுள்ள தொகுதி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளவும்.